'தொடாதே' என்னும் பலகை

மோகனூரில் காவிரிக் கரையோரம் வெற்றிலைக் கொடிக்கால்கள் உண்டு என்பது இந்தப் பக்கத்துத் தோழர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அப்படி ஒரு கொடிக்காலில் இலை அடுக்கிக் கவுளி கட்டுகிற ஒருவர் எனக்கு இருபது வருஷத்துச் சிநேகிதர். அவருக்கு இரண்டு கண்ணும் தெரியாது. ஆனால் இலையைக் கையில் வாங்கிய மாத்திரத்திலேயே இது கற்பூரி, இது வெள்ளைக்கொடி, இது முற்றல், இது பூச்சி கடித்தது என்று பிரித்துத் தள்ளிவிடுவார். அவர் கட்டிய கவுளியை வாங்குகிறவன் பிரித்து எண்ணிப் பார்த்து நான் கண்டதில்லை. கண்ணுள்ளவன் கட்டியதைத்தான் பிரித்து எண்ணுகிறான்.

சென்ற வருஷம் இவரை ஒரு சர்க்கார் பொருட்காட்சிசாலைக்கு அழைத்துப் போனேன். எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. ஒரு ஊரைச் சொன்னால் மற்ற ஊர்க்காரர்கள் தாங்கள் யோக்கியர்கள் என்று நினைத்துக் கொள்வார்கள். தாழ்வாரத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு கருங்கல் சிலை நின்றது. "அண்ணா, கையை நீட்டுங்கள்" என்று அவர் கையை எடுத்து அதன்மேல் வைத்தேன். வைத்ததுதான் தாமதம், அந்தக் கோடியிலிருந்து காவல்காரர் கத்தினார்:

"யோவ்! தொடாதேன்னு போர்டு வச்சிருக்குது தெரியலை? கண்ணு என்ன பொட்டையா?"

நம்மவர் கையை எடுத்துக்கொண்டு, நிதானமாக, "ஆமாங்க, அதேதானுங்க" என்றார்.

காவல்காரர் முகம் செத்துப் போயிற்று. ஓடிவந்தார். மன்னிப்புக் கேட்டார். நாற்காலி கொண்டுவந்து போட்டார். டீ வாங்கி வரட்டுமா என்றார். அவர் நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை. ஆனால் நாற்காலி கொடுத்தவர், டீ கொடுக்க முன்வந்தவர், சிலையைத் தொட்டுப் பார்க்க மாத்திரம் சம்மதிக்கவில்லை. "ரூல்ஸ் அப்படிங்க, என் வேலை போயிரும்" என்றார். இரக்கத்துக்கு அங்கே தாராளமாக இடமிருந்தது. உரிமைக்குத்தான் இடமில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் கேட்டார்: "அங்க என்னதானுங்க இருந்துச்சு?" நான் சொல்ல ஆரம்பித்தேன். நாலு கை, ஒரு கையில் சங்கு, ஒரு கையில் சக்கரம், தலையில் கிரீடம் என்றேன். "அது பாகவதர் கதையிலேயே கேட்டிருக்கேனுங்க. விரலெல்லாம் தனித்தனியாச் செதுக்கியிருந்துச்சுங்களா, ஒட்டுனாப்ல இருந்துச்சுங்களா? முதுகுப் பக்கம் வேலை பண்ணியிருந்தாங்களா, இல்லை அப்படியே உட்டுட்டாங்களா?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அதே சிலையை நான் பத்துத் தடவைக்குக் குறையாமல் பார்த்தவன். கண்ணிரண்டும் நன்றாயிருந்து பார்த்த எனக்கு, தொடக்கூட விடாதவர் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

நிற்க. இந்த இடத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயரே பொருட்காட்சிசாலை, அருங்காட்சியகம். காட்சி என்றால் கண்ணுள்ளவனுக்கு என்பதாகப் பெயரிலேயே முடிவு கட்டிவிட்டோம். 1851-இல் சென்னையில் தொடங்கி, இன்று எழும்பூரில் இருக்கும் பெரிய மியூசியத்துக்குப் பாமர ஜனங்கள் வைத்த பெயர் 'செத்த காலேஜ்'. படிப்பில்லாதவன் வைத்த அந்தப் பெயரில் 'காலேஜ்' என்ற சொல் இருப்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். அது படிக்கிற இடம் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. படிக்கிற இடத்தில் ஒரு சாராருக்குப் புத்தகத்தைத் திறக்காதே என்று பலகை மாட்டினால் அதற்கு என்ன பெயர்? ஒரு காலத்தில் இந்த நாட்டில் சில காதுகள் சில வார்த்தைகளைக் கேட்கக்கூடாது என்று சட்டம் எழுதி வைத்திருந்தார்கள். இப்போது சில விரல்கள் சில கற்களைத் தொடக்கூடாது என்கிறார்கள். முந்தியது துவேஷத்தால் வந்தது, இது யோசனையில்லாமையால் வந்தது என்று வித்தியாசம் சொல்லலாம். வெளியே நிற்கிறவனுக்கு இரண்டும் ஒரே கதவுதான்.

யோசனையில்லாமை எங்கிருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும். கண் தெரியாமை பூர்வ ஜென்ம பாவம் என்று நம் வீட்டுப் பாட்டிகள் வரை சொல்லி வைத்திருக்கிறார்கள். பாவம் செய்து தண்டனை அனுபவிக்கிறவனுக்கு ஒரு கவளம் சோறு போட்டால் நமக்குப் புண்ணியம். அதற்குமேல் அவனுக்கு என்ன வேண்டும்? கோயில் வாசலில் தட்டோடு உட்கார அவனுக்கு இடமுண்டு. சிற்பம் வேண்டுமா, சித்திரம் வேண்டுமா, ஆயிரம் வருஷத்துக்கு முன் மனிதன் என்ன செய்தான் என்று தெரிய வேண்டுமா என்று எவரும் கேட்டதில்லை.

இந்தப் பாவக் கணக்கு எவ்வளவு யோக்கியதை உடையது? பெரியம்மை கண்டு கண் போனவர்கள் நம் தாத்தா காலத்தில் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள். அது மாரியம்மன் செயல் என்றார்கள். அம்மை குத்தும் ஊசி வந்தது; 1975-க்குப் பிறகு இந்தியாவில் ஒருவருக்கும் பெரியம்மை வரவில்லை. கூழ் ஊற்றுவது இன்னும் நடக்கிறது, அது வேறு விஷயம். போன ஜென்மத்தில் பாவம் செய்தவர்கள் எல்லோரும் அந்த வருஷத்தோடு தீர்ந்து போனார்களா? கண்புரை விழுந்து பத்து வருஷமாய்த் தடவி நடந்த கிழவியை, மதுரையில் 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி ஆரம்பித்த அரவிந்த் போன்ற ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனால், அரைமணிக்குள் சிகிச்சை முடிந்து மறுநாள் கட்டை அவிழ்த்து விடுகிறார்கள். கத்தி முனையில் உரித்து எடுத்துவிடக் கூடியதாக இருந்தால் அது பாவமா, படலமா?

இங்கே ஒரு பழைய சங்கதி ஞாபகம் வருகிறது. இங்கிலாந்தில் நிக்கலஸ் சாண்டர்சன் என்று ஒருவர். ஒரு வயதில் பெரியம்மை வந்து இரண்டு கண்ணும் போயிற்று. அவர் 1711-இல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் கணித ஆசிரியரானார். நியூட்டன் இருந்த அதே பீடம். பழங்காசுகளை விரலால் தடவி, எது அசல், எது போலி என்று சொல்வாராம். கண்ணுள்ள நிபுணர்கள் ஏமாந்த போலிகளையும் கண்டுபிடித்தாராம். இவரைப் பற்றிப் பிரெஞ்சு நாட்டுப் பகுத்தறிவாளர் திதரோ 1749-இல் கண் தெரியாதவர்களைக் குறித்து ஒரு நிருபம் எழுதினார். படைப்பின் அழகைப் பார்த்துக் கடவுளை நம்பு என்று சொல்ல வருகிற பாதிரியாரிடம், அந்த அழகைப் பார்க்க முடியாத தனக்குக் கைக்கு எட்டும் சாட்சி எங்கே என்று சாண்டர்சன் கேட்பதாக அதில் ஒரு கட்டம் வைத்தார். அந்த வருஷமே திதரோவைப் பிடித்து வென்சேன் கோட்டைச் சிறையில் போட்டார்கள். விரலுக்கும் அறிவு உண்டு என்று சொன்னால் அதிகாரத்துக்கு எப்போதும் கோபம் வரும் போலிருக்கிறது.

இனி நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. இதை நான் பேச ஆரம்பித்ததும் இயக்கத் தோழர் ஒருவர், "சாமி சிலையைத் தொட்டுப் பார்க்கத்தானா நாம் கிளர்ச்சி செய்வது? அது எப்படிப் போனால் நமக்கென்ன?" என்று கேட்டார். கேட்டவர் யோசித்துக் கேட்கவில்லை என்பேன். கர்ப்பக்கிருகத்தில் இருக்கும்வரை அந்தக் கல்லைப் பூசாரி ஒருவன்தான் தொடலாம். அது 'சுயம்பு' என்று கதை சொல்லலாம். கேட்கிறவன் வாயைத் திறக்க முடியாது. அதே கல் பொருட்காட்சிசாலைக்கு வந்தவுடன் அதன் கழுத்தில் சீட்டுக் கட்டுகிறார்கள்: இன்ன நூற்றாண்டு, இன்ன ஊர், கருங்கல் என்று. அதாவது மனிதன் செய்தது என்று சர்க்காரே எழுதி ஒட்டுகிறது. நாம் மேடை போட்டு மூன்று மணிநேரம் சொல்கிறதை அந்தச் சீட்டு ஒரு வரியில் சொல்லிவிடுகிறது. ஆனால் கண் தெரியாதவனுக்கு அந்தச் சீட்டும் எட்டாது, கல்லும் எட்டாது. அவனுக்குக் கிடைப்பதெல்லாம் காலட்சேபம் மட்டுமே. உளி கொத்திய தழும்பை ஒருதரம் அவன் விரல் தொட்டுவிட்டால், அது வானத்திலிருந்து குதித்ததா, ஒரு கல்தச்சன் வயிற்றுப்பாட்டுக்கு வியர்வை சிந்தி அடித்ததா என்று அவனுக்கு நாம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. பூசாரி ஒருவன்தான் தொடலாம் என்பதை நாம் ஒப்புக்கொள்ளாதபோது, எவனும் தொடக்கூடாது என்பதில் மாத்திரம் நமக்கு என்ன திருப்தி?

அதிகாரிகள் சொல்லும் சமாதானம் வேறு. கை பட்டால் பொருள் கெட்டுவிடும் என்கிறார்கள். இதில் பாதி மெய், பாதி சோம்பேறித்தனம்.

மெய்யான பாதியை முதலில் ஒப்புக்கொள்வோம். மனிதன் வியர்வையில் உப்பு இருக்கிறது. அந்த உப்பு செம்பிலும் வெண்கலத்திலும் ஏறினால் பச்சைப் பொடி பூத்து உள்ளே அரித்துக்கொண்டு போகும். இந்த நோயைத் தீர்ப்பது உள்ளிட்ட வேலைகளுக்கென்றே சென்னை மியூசியத்தில் 1930-இல் இரசாயன சாலை ஏற்படுத்தினார்கள். திருவாலங்காட்டு நடராசர் போன்ற சோழர் காலத்து வெண்கலத்தைத் தினம் ஐந்நூறு பேர் தடவட்டும் என்று நாம் கேட்கவில்லை. ஓலைச்சுவடியையும் பழைய துணியையும் சித்திரத்தையும் அப்படியே. அவை நமக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் வேண்டும்.

ஆனால் கருங்கல்? இங்கிருந்து நாமக்கல்லுக்குப் போய்ப் பாருங்கள். 18 அடி உயரத்துக்கு ஒரே கல்லில் ஆஞ்சநேயர் நிற்கிறார். அவர்மேல் உச்சந்தலையிலிருந்து பாதம்வரை வெண்ணெய் பூசுகிறார்கள், பால் ஊற்றுகிறார்கள், வடையை மாலையாகத் தொங்க விடுகிறார்கள். அந்தக் கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. பொருட்காட்சிசாலைத் தோட்டத்தில் மழையிலும் வெயிலிலும் நிற்கிற சிலைகளின் தலையில் காக்கை எச்சமிடுகிறது. அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. சோப்புப் போட்டுக் கழுவிய கையோடு ஒரு கண் தெரியாதவர் ஐந்து நிமிஷம் தடவினால் மாத்திரம் கரைந்து போய்விடுமா? அப்படிக் கரையும் கல் என்றால் முதலில் காக்கையை அல்லவா தடுக்க வேண்டும்?

வெண்கலத்துக்கும் வழியில்லாமலில்லை. நகல் செய்து வைக்கலாம். இந்த விஷயத்தில் உலகத்திலேயே சாக்குச் சொல்ல அருகதை இல்லாதவர்கள் தமிழ்நாட்டார்தான். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சுவாமிமலையில் இன்றைக்கும் தச்சர்கள் மெழுகில் உருவம் பிடித்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, சூடு காட்டி மெழுகை ஓட்டிவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். எங்கள் மோகனூர்ப் படித்துறையைத் தொட்டுக்கொண்டு போகிற காவிரி கொண்டுபோய்ச் சேர்க்கிற அதே வண்டல். மாமல்லபுரத்தில் தெருவெல்லாம் உளிச்சத்தம். சிற்பம் சொல்லிக் கொடுக்கச் சர்க்கார் கல்லூரியே அங்கே இருக்கிறது. வெளிநாட்டு வெள்ளைக்காரன் வரவேற்பறைக்கு நடராசர் செய்து கப்பலேற்றத் தெரிந்த நமக்கு, நம் ஊர்ப் பொருட்காட்சிசாலையில் நம் ஊர்க் கண் தெரியாதவர் தடவிப் பார்க்க ஒரு நடராசர் செய்து வைக்கத் தெரியவில்லை! அந்தத் தச்சரையே அழைத்து, மெழுகுருவம் ஒன்று, மண் பூசினது ஒன்று, வார்த்துப் பிசிறு தட்டாதது ஒன்று, ராவி முடித்தது ஒன்று என்று வரிசையாக வைத்தால், கண்ணுள்ளவனும் அல்லவா க்யூவில் நிற்பான்?

இதெல்லாம் நடக்கக் கூடியதா என்று சந்தேகப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன். இங்கிலாந்தில் சண்டர்லாந்து என்ற ஊர்ப் பொருட்காட்சிசாலையில் சார்ல்டன் டீஸ் என்ற அதிகாரி நூறு வருஷத்துக்கு முன்னாலேயே கண் தெரியாத குழந்தைகளை அழைத்துவந்து சாமான்களைக் கையில் கொடுத்தார். பாடம் செய்த மிருகங்களையும் பறவைகளையும் தடவிப் பார்த்த அந்தக் குழந்தைகள், பார்த்ததைக் களிமண்ணில் பிசைந்தும் காட்டினார்கள். பிறகு பெரியவர்களையும் அழைத்தார். இத்தாலியில் அங்கோனா என்ற ஊரில் ஆல்தோ கிரசீனி, தனியேலா பொத்தெகோனி என்ற தம்பதிகள், இருவருமே பார்வையற்றவர்கள், எந்த ஊர்க் காட்சிசாலைக்குப் போனாலும் 'தொடாதே' என்ற பேச்சைக் கேட்டுச் சலித்துப் போய், தொடுவதற்கென்றே ஒரு காட்சிசாலை வேண்டுமென்று பாடுபட்டு 1993-இல் ஏற்படுத்தச் செய்தார்கள். அதற்குக் கண் தெரியாத கவி ஹோமரின் பெயர். 1999-இல் அதை இத்தாலி சர்க்காரே தேசிய ஸ்தாபனமாக ஏற்றுக்கொண்டது. மைக்கேலாஞ்சலோவின் சிலைகளை அப்படியே வார்ப்பெடுத்து அங்கே வைத்திருக்கிறார்கள். சித்திரத்தை எப்படித் தொடுவது என்று கேட்டால், மாட்ரிட் நகரத்துப் பிராடோ காட்சிசாலையில் 2015-இல் ஆறு சித்திரங்களை மேடுபள்ளமாக அச்சிட்டு வைத்தார்கள். கண்ணுள்ளவர்களுக்குக் கண்ணை மறைக்கும் கண்ணாடி கொடுத்து, நீங்களும் தடவிப் பாருங்கள் என்றார்கள். எத்தனை பேர் திணறினார்களோ!

அன்னிய தேசம் எதற்கு? டில்லி தேசியப் பொருட்காட்சிசாலையில் 2015-இல் 'அனுபவ்' என்று பெயரிட்டு, 22 பொருள்களுக்கு நகல் செய்து, தொட்டுப் பார்க்க ஒரு கூடம் திறந்தார்கள். டில்லியில் முடிந்தது திருச்சியிலும் சேலத்திலும் கரூரிலும் ஏன் முடியாது?

சட்டமும் இல்லாமலில்லை. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 29-வது பிரிவில், கலையை அவர்களுக்கு எட்டும்படி செய்ய வேண்டியது சர்க்காரின் கடமை என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பொதுக் கட்டடங்களை அவர்களுக்கு ஏற்றபடி மாற்ற, விதிகள் வந்த 2017 ஜூனிலிருந்து ஐந்து வருஷம் தவணை கொடுத்தது. தவணை 2022 ஜூனோடு முடிந்துவிட்டது. ராஜீவ் ரதூரி என்பவர் தொடுத்த வழக்கில் 2024 நவம்பர் 8-ந் தேதி சுப்ரீம் கோர்ட், இந்த வசதிகளை விருப்பமிருந்தால் செய்யலாம் என்கிற மாதிரி யோசனையாக எழுதி வைத்தால் போதாது, கட்டாய விதியாகவே செய்ய வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிற்று. 'குருடன்' என்று சொல்லாதே, 'மாற்றுத்திறனாளி' என்று சொல் என்று பெயரை மாற்றினார்கள், நல்லதே. பெயரை மாற்றினவர்களுக்குப் பலகையை மாற்ற மாத்திரம் கை வரவில்லை.

அங்கங்கே ஒரு சாய்வுப் பாதை, ஒரு பிரெயில் தகடு வைத்திருப்பது மெய்தான். பிரெயில் எழுத்தைத் தந்த லூயி பிரெயில், அப்பனின் தோல் தைக்கும் பட்டறையில் மூன்று வயதில் ஊசி குத்திக் கண்ணிழந்தவர். அவர் ஆறு புள்ளியில் உலகத்தையே எழுத வழி செய்தார். அதைக் கொண்டுவந்து நாம் எழுதுவது 'விஷ்ணு, 10-ஆம் நூற்றாண்டு' என்ற இரண்டு வார்த்தை! சாமானைக் கண்ணாடிக்குள் பூட்டிவிட்டு, வெளியே அதன் பெயரை மட்டும் புள்ளியில் எழுதுவது, இலையைப் போட்டு, சோற்றைப் போடாமல், என்னென்ன கறி என்று காதில் சொல்லி அனுப்புகிற மாதிரிதான். தவிரவும், நடுவயதில் கண் போனவர்களில் அநேகருக்குப் பிரெயில் தெரியாது. எங்கள் வெற்றிலைக்காரருக்கும் தெரியாது. அவருக்கு வேண்டியது கைக்கு ஒரு பொருள், காதுக்கு விஷயம் தெரிந்த ஒரு ஆள். எங்கிருந்து தடவ ஆரம்பிக்க வேண்டும், இது முழங்கை, இது ஆடை மடிப்பு, இது உடைந்து போன இடம் என்று சொல்லிக் கொடுக்கப் பழகின ஆள்.

கண் அரைகுறையாகத் தெரிகிறவர்கள் சங்கதி இன்னும் மோசம். அவர்களைக் குருடர் கணக்கிலும் சேர்ப்பதில்லை, கண்ணுள்ளவர் கணக்கிலும் சேர்ப்பதில்லை. அவர்களுக்கு நகல் கூட வேண்டாம். எழுத்தைப் பெரிதாகவும் கறுப்பு வெள்ளையாகவும் எழுதி, முழங்கால் உயரத்தில் மாட்டாமல் முகத்துக்கு நேராக மாட்டி, கண்ணாடியில் பளிச்சென்று அடிக்காதபடி விளக்கை வைத்தால் போதும். இதற்கு ஆகிற செலவு ஒரு அமைச்சர் வரவேற்பு வளைவுக்கு ஆகாது. நாற்பதைத் தாண்டிய எனக்கே இப்போது அந்தச் சீட்டுகளைப் படிக்க மூக்கு கண்ணாடியில் இடிக்கிறது.

"எத்தனை பேர் வரப்போகிறார்கள், இத்தனை செலவு எதற்கு?" என்பது கடைசிக் கேள்வி. 2011 ஜனக்கணக்கில் இந்தியாவில் பார்வைக் குறைவுள்ளோர் சுமார் 50 லட்சம் பேர். அவர்கள் வரவில்லை என்பது உண்மைதான். கிணற்றைச் சுற்றி முள்வேலி போட்டுவிட்டு, இவர்களுக்குத் தாகமே எடுப்பதில்லை என்று கணக்கெழுதினவர்களை நாம் முன்பே பார்த்திருக்கிறோம்.

இந்தப் பக்கத்துத் தோழர்கள் அடுத்த தடவை சேலம், கரூர், திருச்சி, சென்னை எங்கே போனாலும் பொருட்காட்சிசாலைக்குள் நுழைந்து, கண் தெரியாதவர் வந்தால் எதைத் தொட்டுப் பார்க்க விடுவீர்கள் என்று காப்பாட்சியரை நேரில் கேளுங்கள். பதிலை எழுதி வாங்குங்கள். ஒன்றுமில்லை என்றால் அதையே எழுதித் தரச் சொல்லுங்கள். அதில் 29-வது பிரிவைக் குறிப்பிட்டு மேலே அனுப்புங்கள்.

நாங்களும் சும்மா இருக்கவில்லை. கொடிக்காலில் இந்தக் கிள்ளு முடிந்ததும் மறுபடி அதே இடத்துக்குப் போவதாக இருக்கிறோம். போன தடவை இருவர். இந்தத் தடவை ஏழு பேர், அதில் இரண்டு பெண்கள். கை கழுவ ஒரு சோப்புக் கட்டியும் துண்டும் எடுத்துக்கொண்டோம். முன்கூட்டியே கடிதமும் போட்டாகிவிட்டது. அந்தக் காவல்காரரை மாத்திரம் யாரும் திட்டக்கூடாது என்று வெற்றிலைக்கார அண்ணன் இப்போதே எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார்.